நான் மூன்று தடவை விழுந்த சிரிப்புப் படம்

என் அம்மா என் தம்பியைத் திட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவனைத் திட்டுகிறாளே என்று இல்லை, என்னைத் திட்டவில்லையே என்று.

ராயபுரத்தில் தலைச்சுமையாக மீன் விற்ற பெண்களில் அவளுக்கு ஈடாக வாய் பேச அந்தக் காலத்தில் ஆள் கிடையாது. "டேய் கஸ்மாலம், எய்ந்திருடா! வெயிலு மூஞ்சில குத்துது, இன்னும் இன்னாடா தூக்கம்?" என்று காலையில் தம்பிக்கு ஆரம்பிக்கும். அவன் பல் விளக்கும்போது ஒன்று, குளிக்கும்போது ஒன்று, வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று. இன்று வந்த திட்டு நாளைக்கு வராது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அவனோ ராஜா மாதிரி சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வான். இதெல்லாம் முடிந்து என் பக்கம் திரும்பினால் அவள் குரல் அப்படியே இறங்கிவிடும். "எய்ந்துட்டியா சாமி? காப்பி ஆறிடும் சாமி."

இந்தச் சாமி பட்டம் எனக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாதா கோயில் பங்கில் வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கிழமைக்குப் பாஸ்கா நாடகம் போடுவார்கள். ஆண்டவர் சிலுவை சுமந்து பாடுபட்டு உயிர் விடுவதைப் பங்கு மக்களே நடிப்பார்கள். எனக்குப் பத்தொன்பது வயதாகும்போது ஆண்டவர் வேஷத்துக்கு என்னைப் போட்டார்கள். நடிப்பைப் பார்த்துப் போட்டார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதுவரை ஆண்டவராக இருந்தவருக்குத் தொப்பை விழுந்துவிட்டது, அவ்வளவுதான். நான் ஒல்லி. முகமும் நீளம். சும்மா உட்கார்ந்திருந்தாலே எவனாவது வந்து "இன்னாபா, வூட்ல எதுனா கெட்ட சேதியா?" என்று கேட்பான். அந்த முகம் போதும் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார்.

முதல் வருஷம் என்னைச் சிலுவையில் ஏற்றியபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா மயக்கம் போட்டு விழுந்தாள். மறுநாள் காலையில் எனக்குக் காப்பி கொடுக்கும்போது முக்காடு போட்டுக்கொண்டு கொடுத்தாள். அன்றைக்குப் போனதுதான் என் திட்டு. பன்னிரண்டு வருஷம் நானே ஆண்டவர். பன்னிரண்டு வருஷமும் நான் சாமி.

வேலையிலும் இதே தொல்லை. துறைமுகத்தில் நான் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். கப்பலின் அடித்தட்டிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்குகிற வேலை. கெட்ட வார்த்தை இல்லாமல் அங்கே ஒரு மூட்டைகூட மேலே வராது. ஆனால் என் வின்ச்சுக்குக் கீழே நிற்கிற கோஷ்டி மட்டும் கன்னியர் மடம் மாதிரி அமைதியாக இருக்கும். "டேய், ஆண்டவரு மேல கீறாரு, வாய மூட்றா" என்பான் ஒருவன். நான் போனால் பீடியை மறைப்பார்கள். நான் ஒரு ஜோக் சொன்னால் தலையை ஆட்டிக்கொண்டே யோசிப்பார்கள், அதில் ஏதோ கருத்து இருக்கிறது என்று.

ஊர் எப்படியோ போகட்டும். அம்மாதான் எனக்கு ஆறவில்லை. நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒருநாள் வேண்டுமென்றே தண்ணீர்ப் பானையை உடைத்தேன். "திருஷ்டி கயிஞ்சுது சாமி" என்றாள். ஒருநாள் கள்ளுக்கடைக்குப் போய்விட்டு நாற்றத்தோடு வந்து அவள் முன்னால் நின்றேன். வெளியே போய், எனக்கு ஊற்றிக் கொடுத்தவன் யார் என்று கேட்டு, பார்க்காத அந்த ஆளின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிவிட்டு வந்து எனக்கு மோர் கலந்து கொடுத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கு வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். என் அம்மா என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். முடிந்தால், நாலு பேர் கேட்கிற மாதிரி திட்ட வேண்டும்.

அப்போதுதான் பாய் வந்து சேர்ந்தார். கல்மண்டபத்துப் பக்கம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம், செத்தவர்களை உட்காரவைத்து எடுக்கிற படம் என்று எடுத்து எடுத்து மனுஷனுக்குச் சலித்துப்போயிருந்தது. மூர் மார்க்கெட்டில் எவனோ கப்பல்காரன் தள்ளிவிட்டுப் போன மூவி கேமரா ஒன்றை வாங்கி வந்திருந்தார். உள்ளங்கை அகலம், கடிகாரம் மாதிரி சாவி கொடுத்தால் ஓடும், சத்தம் கித்தம் எதுவும் பதியாது. ஒரு சுருள் நாலு நிமிஷம்கூட வராது. எடுத்த சுருளைப் பம்பாய்க்குத் தபாலில் அனுப்பினால் கழுவித் திரும்பி வர ஒரு மாதம் ஆகும்.

"ஒரு காமெடி படம் எட்க்கலாம்னு கீறேன்" என்றார் என்னிடம். "நீதான் ஹீரோ."

"நானா? என்னைப் பாத்து எவன் பாய் சிரிப்பான்?"

"அதாம்பா மேட்டரே. சிரிச்ச மூஞ்சிக்காரன் கீய வுயுந்தா இன்னா கீது? உன்ன மாதிரி எயவு வூட்டு மூஞ்சிக்காரன் வுயணும். அப்பத்தான் ஜனம் சிரிக்கும்."

என்னை ஒருவர் அப்படிப் பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. உடனே ஒத்துக்கொண்டேன். அம்மா சிரிப்பாள் என்ற நினைப்பைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஓடவில்லை.

கதை பாய் எழுதியது. ஒரு கூலிக்காரன். அவனுக்கு ஒரு முரட்டு மேஸ்திரி. மரவாடியில் கிடக்கிற நீளமான மரச்சட்டம் ஒன்றைத் தோளில் சுமந்து திருவொற்றியூரில் இருக்கும் மேஸ்திரி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் யாராவது கூப்பிட்டால் அவன் திரும்புவான். சட்டமும் கூடவே திரும்பும். டீக்கடைக் கண்ணாடித் தம்ளர் போகும், போலீஸ்காரர் தொப்பி போகும், கொடியில் காய்கிற புடவை போகும். மேஸ்திரி பின்னாலேயே வந்து அடித்துக்கொண்டிருப்பார். அவன் மூன்று தடவை கீழே விழுவான். ஏன் மூன்று என்று கேட்டேன். "ரெண்டு பத்தாது, நாலு ஜாஸ்தி" என்றார் பாய்.

மேஸ்திரி வேஷத்துக்கு யாரைப் போடுவது என்று யோசிக்கவே இல்லை. பாஸ்காவில் என்னைச் சவுக்கால் அடிக்கிற சேவகனாக வருஷா வருஷம் நடிப்பவர் இருந்தார். ரயில்வே யார்டில் வேலை, ஆறடி உயரம், எறும்பை மிதித்தால்கூட வருத்தப்படுகிற மனுஷன். பன்னிரண்டு வருஷமாக வலிக்காமல் அடித்துப் பழகியவர்; அப்படிப்பட்ட ஆள் சும்மா கிடைப்பானா? அவரும் ஆசையாக வந்தார். அவருக்கும் ஒரு குறை இருந்தது. பெரிய வெள்ளிக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் என் அம்மா அவருக்கு மீன் விற்க மாட்டாள். "யக்கா, அது வேஷம்க்கா" என்று கெஞ்சுவார். "கைய ஓங்கினது நீதான?" என்பாள் அம்மா. காமெடியில் பார்த்தாலாவது மனசு மாறுவாள் என்று அவரும் கணக்குப் போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் படப்பிடிப்பு. ஒரு மாதத்துக்கு ஒரு சுருள்தான் பாயால் வாங்க முடியும் என்பதால் ஆடியில் ஆரம்பித்தது அடுத்த தவக்காலம் வரை இழுத்துக்கொண்டு போனது. செட்டு, லைட்டு எதுவும் இல்லை. தெருதான் செட்டு, வெயில்தான் லைட்டு. நடிகர்களும் பெரும்பாலும் தெருவே கொடுத்தது. நான் சட்டத்தோடு தள்ளாடுவதைப் பார்த்து, படம் பிடிப்பது தெரியாத ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து மறுமுனையைத் தூக்கிக்கொண்டார். "புண்ணியவானே, விடாத, விடாத" என்று கத்திக்கொண்டே பாய் எடுத்தார். நான் வேர்வையும் புழுதியுமாக நின்றபோது கீரை விற்கிற அம்மா ஒருத்தி, "அய்யே, இன்னாபா இது" என்று தன் முந்தானையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அதையும் எடுத்தார்.

இன்னொரு ஞாயிறு மீன் மார்க்கெட் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தோம். நான் சட்டத்தைச் சுமந்து வருகிறேன், எதிரே தலையில் கூடையோடு என் அம்மா. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, கண் நிறைய நீரோடு, ஆடாமல் அசையாமல் நிற்கிறாள். சினிமாவுக்குத்தான் என்று தெரிந்தும் அப்படி நின்றாள். பாய் ஒரு நிமிஷம் முழுக்க அவளையே எடுத்தார். "இன்னா மூஞ்சிபா! பெரிய ஸ்டாரு கூட இப்பிடி நிக்காது" என்றார்.

பன்னிரண்டு வருஷம் சிலுவை சுமந்தவன் நான். தோளில் கட்டை, பின்னால் அடிக்கிறவன், மூன்று தடவை விழுவது, சுமை தூக்க வந்தவன், முகம் துடைத்தவள், எதிரே தாய்: எல்லாமே ஆண்டவர் சிலுவையோடு போன வழியில் நடந்தவைதான். எனக்காவது மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. சேவகனுக்கும் உறைக்கவில்லை. பாய் துலுக்கர், பெரிய வெள்ளிக்குக் கடைசியில் ஒரு குரூப் போட்டோ எடுக்க மட்டும் வருவார், அவருக்குத் தெரிய நியாயமில்லை. பழகிப்போன உடம்பு என்பது இதுதான். பாய் 'கட்டையைத் தூக்கு' என்றால் என் கால் தானாக அந்த நடைதான் நடந்தது.

போதாததற்குத் தாடி. பாஸ்காவுக்காகக் கிறிஸ்துமஸ் முடிந்ததுமே நான் முடியும் தாடியும் வளர்க்க ஆரம்பிப்பேன். ஆடியில் எடுத்த முதல் விழுகையில் எனக்கு மழமழவென்று முகம். பொங்கல் கழித்து எடுத்த இரண்டாவதில் முள் தாடி. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு எடுத்த மூன்றாவதில் காதை மூடுகிற முடி, கன்னமே தெரியாத தாடி. மரவாடியிலிருந்து திருவொற்றியூர் போவதற்குள் எனக்கு இத்தனையும் வளர்ந்துவிட்டது.

ஈஸ்டர் முடிந்த பிறகு, ஒரு ஞாயிறு பிற்பகல், பங்கு மண்டபத்தில் படம் போட்டோம். ஜன்னலையெல்லாம் அடைத்து, எதிரே ஒரு பெட்ஷீட் கட்டினோம். பாய் புரொஜெக்டர் ஓட்டினார். ஊமைப் படம் என்பதால் தம்பி மைக் பிடித்து ஓரமாக நின்று எல்லாருக்கும் குரல் கொடுப்பதாக ஏற்பாடு. மண்டபம் கொள்ளாத கூட்டம். முன்வரிசையில் பங்குச் சாமியார், அவருக்குப் பின்னால் அம்மா. நான் சுவரோரம் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் ஆரம்பித்தது. மரவாடி. மேஸ்திரி கையைக் காட்டுகிறார். நான் சட்டத்தை எடுத்துத் தோளில் வைக்கிறேன். மண்டபத்தில் பேச்சு நின்றது. டீக்கடைத் தம்ளர் உடைந்தது, ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் முதல் தடவை விழுந்தேன். "அண்ணாத்த, கீய இன்னா காசு கெடக்குதா?" என்று தம்பி மைக்கில் விட்டான். பின்னாலிருந்து "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம். மேஸ்திரி கம்பை ஓங்கினார். "ஐயோ, என் ஆண்டவரே!" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

அப்புறம் திரையில் அம்மா வந்தாள், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. மண்டபம் முழுக்க விசும்பல். ரிக்‌ஷாக்காரர் ஓடிவந்து கட்டையைத் தூக்கியதும் "ஆங், வந்துட்டாரு பாரு, ஒத்தாசைக்கு வந்துட்டாரு" என்று ஒருவர் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கம் சொன்னார். கீரைக்காரம்மா முகம் துடைத்தபோது பாதிப் பெண்கள் எழுந்து நின்றார்கள். இரண்டாம் தடவை நான் விழுந்ததும் நின்றவர்கள் முழந்தாளிட்டார்கள். அந்தக் கணத்தில்தான் நாங்கள் ஆறேழு மாதம் என்ன எடுத்தோம் என்று எனக்குப் புரிந்தது. சிரிப்புப் படம் இல்லை, அச்சு அசலாகச் சிலுவைப் பாதை எடுத்து வைத்திருந்தோம்.

மூன்றாம் தடவை தாடியோடு விழுந்தேன். மண்டபமே முழந்தாளில் இருந்தது. பங்குச் சாமியார் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், பாவம், என்ன செய்வார், அவரும் முழந்தாளிட்டார். மைக்கும் கையுமாக நின்ற தம்பி ஜோக்கையெல்லாம் விழுங்கிவிட்டுச் செபத்தை ஆரம்பித்து வைத்தான். கூட்டம் பதில் சொன்னது.

பாய் என் காதில், "இன்னா நைனா, காமெடிக்கு முட்டி போட்றாங்கோ? நிறுத்திடட்டா?" என்று கேட்டார்.

"ஐயோ, நடுவுல நிறுத்தாதீங்க பாய், பாவம்" என்றேன்.

கடைசிக் காட்சியில் மேஸ்திரி அந்தச் சட்டத்தை வாங்கி வெந்நீர் அடுப்புக்கு விறகாகப் பிளப்பார். அதுதான் படத்திலேயே பெரிய சிரிப்பு என்று பாய் நம்பியிருந்தார். கோடாலி இறங்கியதும் மண்டபத்தில் எழுந்த சத்தத்தைக் கேட்டு, எங்கள் சேவகர் பக்கத்துக் கதவு வழியாக ஓடியே போய்விட்டார். அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த பிறகும் அவருக்கு மீன் கிடைக்கவில்லை.

எனக்கோ நிலைமை இன்னும் மோசம். அதுவரை சாமி என்று மட்டும் சொன்ன அம்மா அன்றிலிருந்து "வாங்க, குந்துங்க" என்று மரியாதையில் இறங்கிவிட்டாள். ஜுரம் வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வீட்டுக்கே வந்தாள். நான் கையை வைத்தேன். குழந்தை வீலென்று அழுதது. அதுவும் நல்ல சகுனம் என்றார்கள். "ஏம்மா, அது சிரிப்புப் படம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். "நீங்க சொன்னா சரிங்க சாமி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கேயாவது போய்த் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பாய் என்னைவிட நொந்துபோயிருந்தார். "ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு சிரிக்கலியே நைனா" என்று ஸ்டூடியோவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய சொந்தக்காரர் ஒருவருக்குத் தண்டையார்பேட்டையில் தோல் கிடங்கு இருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு கிடங்குக்கு விடுமுறை. அங்கே ஒரு தடவை போட்டுப் பார்ப்போம், அங்கேயும் சிரிக்காவிட்டால் கேமராவைக் கடலில் போட்டுவிடுகிறேன் என்றார்.

கிடங்கில் சாக்கைத் தொங்கவிட்டு வெளிச்சத்தை மறைத்தோம். பெட்ஷீட்டும் வேண்டாம் என்று புதிதாகச் சுண்ணாம்பு அடித்த பெரிய சுவரிலேயே படத்தை விழ வைத்தார் பாய். மண்டபத்தில் இருந்ததைப் போல மூன்று மடங்கு பெரிதாகத் தெரிந்தது. தோல் நாற்றம் குடலைப் பிடுங்கியது. கிடங்கு ஆட்கள், பட்டறைக்காரர்கள், வண்டிக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாம் தோலுக்குப் போடுகிற உப்பு மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. அப்போது வாசலில் காலிக் கூடையோடு என் அம்மா வந்து நின்றாள். வியாபாரத்தை முடித்துவிட்டு நேரே பஸ் ஏறி வந்திருக்கிறாள், கையில் ஜெபமாலையோடு. இன்னொரு தடவை பார்த்து அழ வேண்டுமாம். போய்ப் பெண்கள் பக்கத்தில், குண்டாக இருந்த ஒரு மாமி அருகே உட்கார்ந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

படம் ஓடியது. நான் சட்டத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினேன், டீக்கடைத் தம்ளர் போனது. கிடங்கு அதிர்ந்தது. சிரிப்பு என்றால் அப்படியொரு சிரிப்பு. பாய் என் கையைப் பிடித்து நசுக்கினார். நான் விழுந்தேன், ஒருவன் உப்பு மூட்டையிலிருந்து உருண்டே விழுந்தான். என் எழவு வீட்டு முகத்தைப் பார்க்கப் பார்க்க அவர்களுக்குத் தாங்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. என்னைப் பார்த்து மனுஷர்கள் சிரிக்கிறார்கள்!

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். காசு இல்லாமல் எடுத்த சிரிப்புப் படத்தில், எடுத்தவர்கள் வைத்த சிரிப்பு கொஞ்சம்தான். மீதியை ஜனங்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். பின்னால் போகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் கேமராவை முறைத்துக்கொண்டு போவதைக் காட்டிச் சிரித்தார்கள். பாயின் நிழல் தரையில் கேமராவும் கையுமாகத் தெரிந்ததும் "சலாம் பாய்!" என்று கத்தினார்கள். முள் தாடி வந்தபோது ஒருவன், "ஏம்பா, நேத்து கெளம்பினவனா இவன்? தாடியே மொளச்சிட்ச்சி!" என்றான். முழுத் தாடி வந்தபோது கேட்கவே வேண்டாம். பெரிய கம்பெனிப் படமாக இருந்தால் இதையெல்லாம் வெட்டி எறிந்திருப்பார்கள். எங்களிடம் வெட்டி எறிய வேறு எதுவும் இல்லை.

ஆனால் அம்மா? நான் அவளையே பார்த்தேன். முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சிரிப்புக்கும் திரும்பி முறைத்தாள். பக்கத்து மாமி சிரித்துச் சிரித்து அம்மாவின் தொடையில் அடித்து, "யாரும்மா அந்த லூசு?" என்று கேட்டாள்.

"எம் புள்ள" என்றாள் அம்மா. சொன்ன தோரணையில் மாமி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். சரி, இனி வீட்டில் என் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டேன்.

சுவரில் மீன் மார்க்கெட் வந்தது. தலையில் கூடையோடு அம்மா, நெஞ்சில் கை, கண்ணில் நீர். ஒரு கணம் கிடங்கு அமைதியானது. அப்புறம் யாரோ ஒருவன் "மேல பாரு, மேல பாரு!" என்று கத்தினான்.

மண்டபத்தில் சின்ன பெட்ஷீட்டில், அழுத கண்களோடு, எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தோம். கூடையை ஒருத்தரும் பார்க்கவில்லை. இங்கே பெரிய சுவரில், கூடையின் விளிம்பில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. நிதானமாகக் குனிந்து ஒரு வவ்வால் மீனைக் கவ்விக்கொண்டு போனது. கீழே அம்மா அசையவில்லை, கண்ணீர் வழிகிறது. இரண்டாவது காக்கா வந்தது. இன்னொரு வவ்வால். அம்மா அசையவில்லை. முதல் காக்கா திரும்பி வந்தது.

கிடங்கில் மூச்சு விட முடியாமல் ஜனங்கள் துடித்தார்கள். மாமி மூட்டைமேல் சாய்ந்துவிட்டாள். "அடியே, மூணாவதும்டி!" என்று அவள் அலறியபோது அம்மா எழுந்து நின்றாள்.

"அடப்பாவி!" என்றாள். அது கடைத்தெருவுக்கே கேட்கிற குரல். "காக்காவா? காக்காவா எட்த்துகினு போச்சி? மூணு வவ்வாலு கொறையுதுன்னு பக்கத்துக் கூடைக்காரிய திருடின்னு சொல்லிட்டு, இத்தினி மாசமா அவகூட பேசாம கீறேன்டா!"

அம்மா திரும்பினாள். புரொஜெக்டருக்குப் பின்னால் நான் நிற்பதைப் பார்த்தாள்.

"டேய்!"

எனக்கு முதுகுத்தண்டு வரை சிலிர்த்தது.

"டேய் பேமானி! உன்னப் பாத்துகினு நின்னதுலதான்டா எம் மீனு போச்சி! கட்டையா அது? கட்டைய தூக்கினு ரோட்ல வர்றவன் மூஞ்சிய ஒய்ங்கா வெச்சிகினு வர மாட்டான்? எவனோ செத்தாப்புல வந்து நின்னா, பெத்தவ இன்னாடா பண்ணுவா? நடைய பாரு, கலீஜ் நட! சேத்துல எரும வுயுந்தாப்புல வுயுறான்!" சுவரில் நான் அந்த நேரம் பார்த்துத்தான் சேற்றில் விழுந்தேன். அம்மா அதைப் பார்த்தாள். திட்டு பாதியில் நின்றது. வாயைப் புடவையால் பொத்தினாள், தோள் குலுங்கியது. மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அவளுக்குப் புரையேறியது. ஜெபமாலையாலேயே என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். படம் முடிகிறவரை திட்டினாள், சிரித்தாள், மறுபடி திட்டினாள். ஜனங்கள் படத்தைப் பார்ப்பதா அவளைப் பார்ப்பதா என்று தெரியாமல் கழுத்தைத் திருப்பித் திருப்பி வலி கண்டார்கள்.

படம் முடிந்து சாக்குகளை விலக்கியபோது என் கண்ணெல்லாம் நனைந்திருந்தது. மறைக்கவும் தோன்றவில்லை. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னா, பேசாம நின்னுகினு கீற? பெத்தவ திட்றா, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? நீ இன்னா பெரிய ஆண்டவரா?"

"இல்லம்மா" என்றேன். பன்னிரண்டு வருஷமாக அவளிடம் சொல்ல நினைத்த பதில் அதுதான்.

"அப்ப தூக்குடா கூடைய" என்றாள்.

தூக்கிக்கொண்டேன்.